ஓர் எழுத்து நனைந்த நாள்

பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில், மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, 'ஒய்' என்கிற ஆங்கில எழுத்து தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதன் இரண்டு கைகளுக்கும் நடுவில் தார்ப்பாயின் கயிறு. அடியில் மற்ற எட்டு எழுத்துகளும் பொட்டு ஈரம் படாமல் சுவரில் சாய்ந்திருந்தன.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் முத்துமாரி அழுதுகொண்டிருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

முத்துமாரி என் கொழுந்தன் முருகேசனின் மனைவி. முருகேசன் விழாக்களில் வாணவேடிக்கை நடத்துகிறவன். வானத்தில் பூவாக விரிகிற வெடியை எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் செய்து கொடுத்துவிடுவார்கள். எழுத்தை எரியவிடுகிறவர்கள் குறைவு. ஆள் உயர மரச்சட்டத்தில் ஓர் எழுத்தைச் செய்து, அதன் மேல் விரல் நீளக் காகிதக் குழல்களை வரிசையாகப் பொருத்துவான். குழலுக்குள் வண்ண மருந்து. எல்லாக் குழலையும் ஒரே திரி இணைக்கும். பற்றவைத்தால் எழுத்து அப்படியே நெருப்பாக நிற்கும். ஒரு நிமிஷம் நின்றால் பெரிது.

சாத்தூர்ப் பக்கம் இருக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. நூற்றாண்டு விழா முடிவில் CENTENARY என்கிற ஒன்பது எழுத்தும் மைதானத்தில் எரிய வேண்டும் என்பது ஆர்டர். பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டு வெளியே வந்தபின் முருகேசன் சொந்தமாகப் பிடித்த முதல் பெரிய ஆர்டர் அதுதான்.

அங்கே எனக்கு என்ன வேலை என்றால், எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. சட்டத்தைப் பின்பக்கம் நின்று முடுக்குவதால் சில நேரம் எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் அப்படி ஆகிப் போய் மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்களாம். அதிலிருந்து "எழுத்துன்னா மதினி பாக்கணும்" என்று வண்டியில் என்னையும் ஏற்றிக்கொள்வான். திருத்தங்கலில் லேபிள் அச்சடிக்கிற ஒரு ஆபீசில் பிழை பார்த்தே எனக்குத் தலை நரைத்தது.

கவைக்கம்பு

மத்தியானம் வரை வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கரிசல் மண் வாசனை வந்தது. கை கழுவுவதற்குள் மழையே வந்துவிட்டது.

லோடு இறக்குகிற கருப்பசாமி மட்டும்தான் எழுத்துகள் பக்கத்தில் இருந்தார். தார்ப்பாயை இழுத்து மூடியிருக்கிறார். மூடினால் நடுவில் தண்ணீர் தேங்கித் தொய்கிறது. எங்கள் ஊரில் துணி காயப்போடும் கொடி தொய்ந்தால், நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பை முட்டுக் கொடுப்போம். காய்த்த முருங்கைக் கிளை தாழ்ந்தாலும் கவைக்கம்புதான். மனுஷனின் கை தன்னால் கவைக்கம்பைத் தேடியிருக்கிறது. எதிரிலேயே, நல்ல தேக்குச் சட்டத்தில், ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது.

"ஏலே, போயும் போயும் எழுத்தையால முட்டுக் குடுத்த?" என்றான் முருகேசன். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவசரத்துல கவக்கம்பு மாதிரியே தெரிஞ்சிச்சு முதலாளி. மத்த எட்டும் நனையலல்ல?" என்றார் கருப்பசாமி.

அவர் சொன்னதும் நிஜம்தான். அந்த ஒன்றைக் கொடுக்காமல் இருந்திருந்தால் ஒன்பதும் ஊறிப்போயிருக்கும். ஆனாலும் நனைந்த மருந்தை உடனே ஒன்றும் செய்ய முடியாது. வெயிலில் காயவைக்க ஒரு பகல் முழுக்க வேண்டும். புதிதாகச் செய்து எடுத்துவரலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, பட்டாசு யூனிட்டெல்லாம் பூட்டு. பள்ளிக்கூடத்தில் வைத்து மருந்தைத் தொட முருகேசன் சம்மதிக்கவே மாட்டான்.

முத்துமாரியின் பயம்

முத்துமாரி என்னை வராந்தாத் தூண் பக்கம் இழுத்துப் போனாள்.

"நேத்து சாயங்காலம் பழைய கம்பெனி போர்மேன் போன் போட்டாருக்கா. மருந்து கலக்குற ரூமுக்கு ஆள் வேணுமாம். திங்கக்கிழமையே வந்து சேருன்னாரு."

"இவன் என்ன சொன்னான்?"

"இன்னிக்கு ஷோ முடியட்டும், சொல்றேன்னுருக்காக. நல்லா நடந்தா போகமாட்டேன். சொதப்புச்சுன்னா போயிருவேன், வேற வழியில்லன்னு எங்கிட்டயே சொல்லிட்டாக."

முருகேசனின் இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மினுமினுப்பாக இருக்கும். ரோமம் கிடையாது. அந்த ரூமில் மருந்து வெடித்தபோது ஆனது அது. கூட இருந்தவர் வெளியே வரவில்லை. இவன் வந்தான். கட்டு பிரித்த பிறகும் பழையபடி அங்கேயே போனான். அவன் அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் எங்காவது டமால் என்று கேட்டால் முத்துமாரி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்து, புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பாள். கல்யாண வீட்டு வெடிக்குக்கூட ஓடிவருவாள். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன்.

"அக்கா, ஒங்களுக்குத்தான் எழுத்தப் பத்தித் தெரியும்ல. ஏதாச்சும் பண்ணுங்களேன்" என்றாள்.

எழுத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் ஒரு விளையாட்டு.

தண்ணி லாரியும் தீப்பெட்டியும்

என் எழுத்துப் பைத்தியத்தைப் பற்றி, நான் எழுதிவருகிற இந்தத் தொடரில் இரண்டொரு இடத்தில் முன்பே புலம்பியிருக்கிறேன். எப்படித் தொற்றியது என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் தொற்றியது. திருத்தங்கலில் இருந்து விருதுநகர் போகிற பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்தால், முன்னால் போகிற வண்டியின் நம்பர் பலகைதான் எனக்குப் பத்திரிகை. டி, என் என்ற இரண்டும் நம் ஊர் வண்டி எல்லாவற்றுக்கும் பொது. பின்னால் வருகிற இரண்டு எழுத்து மாறும். நாலும் வருகிற மாதிரி ஓர் ஆங்கில வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும், அந்த வண்டி திரும்புவதற்குள். இதுதான் ஆட்டம்.

ஒருநாள் ஏ, கே என்று ஒரு லாரி வந்தது. முதலில் BLANKET வந்தது, போர்வை. அப்புறம் நாலே எழுத்தில், மிச்சமில்லாமல், TANK. லாரி வளைவில் திரும்பியபோதுதான் பார்த்தேன், அது தண்ணி லாரி. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. பக்கத்து சீட்டு அம்மாள், "என்னம்மா, வாந்தி வருதா?" என்று ஜன்னலோரம் இடம் விட்டார்.

ஆபீசில் டீ நேரத்தில் இதையே வேறு மாதிரி ஆடுவோம். கையில் இருக்கிற லேபிளின் வார்த்தையை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. கம்பி மத்தாப்பு லேபிளில் இருக்கிற SPARKLER உள்ளே PEARLS கிடந்தது, முத்துகள். CRACKER உள்ளே ஒரு CAKE. மடக்கி வைத்த தீப்பெட்டி லேபிளில் MATCHES என்று இருந்ததை ஒருநாள் பிரித்தேன். உள்ளே TEACH இருந்தது, கற்றுக்கொடு. அதே அஞ்சு எழுத்தை மாற்றிப் போட்டேன், CHEAT வந்தது, ஏமாற்று. லட்சம் லேபிள் என் கையைத் தாண்டிப் போயிருக்கும். இவை இரண்டும் அத்தனை நாளும் அதற்குள்ளேயே இருந்திருக்கின்றன.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தாங்காது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை. அவை பாட்டுக்கு இருக்கின்றன.

எழுத்தைத் தட்டினால் வார்த்தையைக் கொட்டுகிற வலைத்தளமெல்லாம் இப்போது போனில் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதைக் காட்டித்தான் என்னைக் கேலி செய்வார். எனக்கு அது பிடிக்காது. வேறு யாரோ மென்று கொடுத்த மாதிரி இருக்கும். அன்றைக்குப் பிடித்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஷோ முடியும்வரை எங்கள் ஆட்கள் யாரும் போனை மருந்துப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்பது முருகேசனின் சட்டம். எல்லார் போனும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆபீஸ் ரூமில் மாட்டியிருந்தது.

எட்டு எழுத்து

தலைமையாசிரியர் குடையோடு வந்தார். அமைதியான மனிதர். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் டியூப் லைட் கட்டிட முடியாதா முருகேசன்?"

"மத்த எட்டும் அணைஞ்சப்பறம் அது மட்டும் எரியும் சார்" என்றான் முருகேசன்.

"அப்ப இல்லாமலே எரியவிட்டா?"

"பள்ளிக்கூடமாச்சே சார். வர்றவுக அம்புட்டுப் பேரும் படிச்சவுக. போன்ல எடுத்து ஊரெல்லாம் அனுப்பிருவாக."

அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. முத்துமாரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டிருந்தது. நான் தார்ப்பாயை விலக்கச் சொன்னேன்.

வரிசையாக இருக்கும்போது எழுத்துகள் பழைய வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். கலைத்தால்தான் வேறு பேச்சுப் பேசும். ஆனால் இதுவரை நான் கலைத்ததெல்லாம் காகிதத்தில். இங்கே ஒவ்வோர் எழுத்தையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும், பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற பதனத்தோடு. முருகேசனும் கருப்பசாமியும் தூக்கினார்கள். காய்ந்த வராந்தாச் சுவர் ஓரம் நான் சொன்ன இடத்தில் சாய்த்தார்கள்.

முதலில் வந்தது TEN.

"நூறு வருசப் பள்ளிக்கூடத்துக்குப் பத்தா மதினி?" என்றான் முருகேசன்.

அடுத்து CANTEEN வந்தது. ஏழு எழுத்து, 'ஆர்' மட்டும் மிச்சம். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். தலைமையாசிரியருக்கு இல்லை. "எங்க பள்ளியில கேன்டீனே கிடையாதும்மா" என்றார்.

RECENT வந்தது. அண்மையான என்று அர்த்தம். நூறு வயசைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை எரியவிட்டால் ஊர் சிரிக்கும். NECTAR வந்தது, தேன். நல்ல வார்த்தை, ஆனால் எதற்குத் தேன் என்று யாருக்குப் புரியும்? இருட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் தூக்கி வைக்கிறபோது குழல்கள் அசைந்தன. முருகேசன் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தான். அந்த மினுமினுப்பான கைகளையே முத்துமாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேனைக் கலைத்து TRANCE என்று நிறுத்தினேன். "அப்படின்னா?" என்று கேட்டான். தன்னை மறந்து நிற்பது, அருள் வந்தவர்களுக்கு இருக்குமே அந்த நிலை என்றேன்.

"சாமியாடுறதுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன மதினி சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "விடுங்க. போதும். நாளைக்கு நான் போயிக்கிறேன்."

முத்துமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தனியாகக் கிடந்தது 'ஈ' ஒன்று, 'என்' ஒன்று. தலைமையாசிரியர் நடக்க வழியில்லாமல் நின்றதால் கருப்பசாமி அந்த இரண்டையும் ஒதுக்கி வைக்கப் பார்த்தார். வரிசையின் வலது ஓரத்தில் கூரை ஒழுகித் தண்ணீர் கட்டியிருந்தது. பட்டது போதும் என்று நினைத்திருப்பார், ஒரு வாத்தியாரின் உதவியோடு இடது ஓரத்துக் காய்ந்த தரையில் கொண்டுபோய்ச் சாய்த்தார். முதலில் 'ஈ'. அதை ஒட்டி 'என்'.

நான் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

ENTRANCE.

எட்டு எழுத்து. ஒன்றுகூட மிச்சமில்லை. நுழைவாயில்.

 எத்தனையோ வார்த்தையை உடைத்துப் பார்த்தவள் நான், இந்த மாதிரி ஒன்று கண்டதில்லை. நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவும் முடியாது. அதுவாக வந்து சுவரில் சாய்ந்து நின்றது. நூறு வருஷத்துக்கு உள்ளே ஒரு வாசல் இருந்திருக்கிறது. அதைப் பார்க்க விடாமல் ஒரே ஓர் எழுத்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கோயிலில் திரை விலகும்போது ஒரு கணம் மூச்சு நிற்குமே, எனக்கு அப்படித்தான் இருந்தது.

"சார், இதை மைதானத்துல வைக்க வேண்டாம். உங்க வாசல்ல வைப்போம்" என்றேன்.

வாசல்

தலைமையாசிரியர் வாசலுக்கு நடந்தார். நாங்களும் போனோம். பழைய கல் வாசல். இரண்டு தூண், மேலே ஒரு வளைவு. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேடையில பேச பன்னெண்டு பேர் இருக்காங்க. எல்லாரும் கட்டடத்தைப் பத்திப் பேசுறாங்க, ரிசல்ட்டைப் பத்திப் பேசுறாங்க. இந்த வாசலைப் பத்திப் பேச ஒருத்தரும் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "முதல் வருஷம் இதுக்குள்ள வந்த பிள்ளைங்க யாரு தெரியுமா? வெள்ளாமை வேலைக்குப் போனவங்க பிள்ளைங்க. வேற பள்ளிக்கூட வாசல்ல அவங்களை விடல. அதனாலதான் இந்த வாசலையே கட்டினாங்க" என்றார்.

எனக்குத் தெரியாது. எழுத்துக்கும் தெரியாது.

முடிவில் நடக்க வேண்டியதை ஆரம்பத்துக்கு மாற்றினார். வந்தவர்கள் எல்லாரையும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். வாசல் சாத்தியிருந்தது. வளைவுக்குப் பின்னால் சாரம் கட்டி எட்டு எழுத்தையும் ஏற்றினார்கள். ஒவ்வொன்றும் நேராக இருக்கிறதா என்று ரோட்டில் நின்று பார்த்தேன். கண் நிறைந்துகொண்டு வந்ததால் இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.

விளக்கை அணைத்தார்கள். முருகேசன் திரியைத் தொட்டான்.

'ஈ' பிடித்தது. 'என்' பிடித்தது. அதோடு நின்றுவிட்டது.

திரி ஈரமாகியிருக்குமோ என்று நினைத்தேன்.  ஒரு பொறி மட்டும் இருட்டில் மெல்ல ஊர்ந்து போனது தெரிந்தது. பிறகு 'டி' பச்சையாகச் சீறிக்கொண்டு எழுந்தது. மிச்சம் அஞ்சும் சடசடவென்று பிடித்தன. கல் வளைவு பகலாகிவிட்டது.

யாரும் கை தட்டவில்லை. கூட்டம் முழுக்க உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. தலை வெளுத்தவர்களும், கைக்குழந்தை வைத்திருந்தவர்களும், அந்த நிறங்கள் முகத்தில் மாற மாற அப்படியே நின்றார்கள்.

"என்னக்கா போட்டுருக்கு?" என்று முத்துமாரி கேட்டாள். அவள் ஆறாவதோடு தீப்பெட்டி ஒட்டப் போனவள்.

"வாசல்னு போட்டுருக்கு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

அவள் திரும்ப அண்ணாந்து பார்த்தாள்.

எழுத்து ஒவ்வொன்றாக அணைந்தது. புகை வளைவைச் சுற்றி இறங்கியது. கந்தக வாசனைக்குள்ளே கதவு திறந்தது. முதலில் போன ஓர் அம்மாள் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்தவரும் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் அந்த வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. சேறான மைதானத்தில் ஊரே வெறுங்காலோடு நடந்தது. நானும் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

போன்

விழா முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். சாத்தூர்க்காரர் ஒருவர் முருகேசனைத் தேடி வந்தார். மகள் கல்யாணத்துக்கு வாசலில் எழுத்து வேண்டும் என்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து, தங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று தேதி சொன்னார். முருகேசன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். 

மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்ததும் அது அடித்தது. பார்த்தான். போர்மேன்.

"என் கையெல்லாம் கரியா இருக்கு. நீயே பேசு" என்று முத்துமாரியிடம் நீட்டினான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"அண்ணே, நான் முத்துமாரி பேசுறேன்... ஆமாண்ணே, நல்லா நடந்துச்சு... இல்லண்ணே, அவுக வரல... நாளைக்கு மட்டும் இல்லண்ணே. இனிமே அந்த ரூமுக்கு வரமாட்டாக."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரிண்ணே, நீங்க வேற ஆள..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நின்றாள். "வச்சிர்றேண்ணே" என்று போனை அணைத்தாள்.

வண்டி கிளம்பியது. அன்று மத்தியானம் அழுதவள் அப்போது அழவில்லை. ரொம்ப தூரம் போனபிறகு, என் தோளில் சாய்ந்தபடி, முன்னால் உட்கார்ந்திருந்த முருகேசனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"வேற ஆளப் பாருங்கன்னு சொல்ல வந்தேன்க்கா. அவன் வீட்லயும் ஒருத்தி இருப்பால்ல."